இளமை யாருடையது?

நரை கண்டு நடுங்காத நெஞ்சம் உண்டோ? கண்ணாடியின் முன் நின்று, கடைக்கண்ணிலே விழுந்த சுருக்கத்தை விரலால் நீவிப் பார்த்துப் பெருமூச்சு விடாதவர் உண்டோ? ஆடவராயினும் பெண்டிராயினும், அரசராயினும் ஆண்டியாயினும், இளமை நீங்குவது கண்டு ஏங்குவது மாந்தர் இயல்பு. அதனைக் குற்றம் என்று கூற நாம் முன்வரவில்லை. முருகு என்ற சொல்லுக்கே இளமை என்றும் அழகு என்றும் பொருள் வைத்த மொழி நம் மொழி. அந்த மாறா இளமையைத் தெய்வமாக்கித் திருத்தணிக் குன்றின்மேல் ஏற்றி வைத்து, நாளுக்கொரு படியாக 365 படிகள் அமைத்து, ஏறி வணங்குகிறார்கள் நம் மக்கள். ஏறுகிறவர் கால் தளர்கிறது. ஏறி இறங்கியவர்க்கு இளமை திரும்பியதாகத்தான் செய்தி இல்லை!

ஆசை இருக்கட்டும். அந்த ஆசைக்கு விலை என்ன? அவ்விலையைக் கொடுப்பவர் யார்? இவையே நாம் எழுப்ப விரும்பும் கேள்விகள்.

1971ஆம் ஆண்டு இங்கிலாந்து நாட்டு ஹாமர் நிறுவனம் வெளியிட்ட ‘கவுன்டெஸ் டிராகுலா’ என்ற திகிற்படம், இக்கேள்விகளின் வாயில்வரை வந்து நிற்கிறது; உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறது. பீட்டர் சாஸ்டி இயக்கிய படம். இங்கிரிட் பிட் கதைத்தலைவி. பெயரிலே டிராகுலா இருக்கிறதே, பல் நீண்ட பிணமொன்று சவப்பெட்டியிலிருந்து எழுந்து வந்து கழுத்தைக் கடிக்குமோ என்று எண்ண வேண்டா. இதில் செத்தவர் எழுவதில்லை. உயிரோடிருப்பவர்தாம் கொல்லுகிறார்கள்.

17ஆம் நூற்றாண்டு அங்கேரி நாடு. கணவனை இழந்த முதிய சீமாட்டி எலிசபெத். ஒரு நாள் பணிப்பெண்ணின் குருதி தற்செயலாக அவள் முகத்தில் தெறிக்கிறது. தெறித்த இடத்திலே தோல் மெருகேறுகிறது, சுருக்கம் மறைகிறது. போதாதா? பணிப்பெண் மறைந்து போகிறாள். சீமாட்டி இளம்பெண்ணாக வெளியே வருகிறாள். தன் மகள் இலோனாவின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டு, இம்ரே தோத் என்ற இளம் படைவீரனைக் காதலிக்கிறாள். உண்மையான மகளோ காட்டிலே சிறை! பெற்ற மகளின் பெயரும் வயதும் தாய்க்குத் தேவைப்படுகின்றன. மகள் மட்டும் தேவைப்படவில்லை. குருதியின் ஆற்றலோ சில நாளில் தீர்ந்துவிடுகிறது. முன்னிலும் கொடிய முதுமை வந்து மூடுகிறது. மீண்டும் ஒரு பெண். மீண்டும் ஒரு கொலை. ஏவலுக்கு இருவர்: பல்லாண்டு அவளை விரும்பிக் காத்திருந்த படைத்தலைவன் டோபி, வளர்த்த செவிலி ஜூலி.

இடையிலே ஒரு விந்தை. பரத்தை ஒருத்தியைக் கொன்று குருதி பூசுகிறாள் சீமாட்டி, இளமை திரும்பவில்லை. காரணம் தேடிக் கோட்டையின் ஏடுகளைப் புரட்டுகிறார்கள். ஏட்டைக் காத்து வரும் ஃபேபியோ என்ற புலவர் பொருள் சொல்லுகிறார்: கன்னியின் குருதிதான் பயன்படுமாம்! குருதிக்கும் கற்புச் சான்று! கொலைக்களத்திலும் குலப்பெண், பரத்தை என்ற பாகுபாடு! பெண்ணை அளக்க ஆடவர் உலகம் செய்து வைத்த அந்தப் பழைய முழக்கோல் மேல்நாட்டுப் பேய்ப்படத்திலும் கிடக்கக் கண்டு நாம் வியந்தோம். முழக்கோலுக்குத் தேச எல்லை இல்லை போலும்!

இன்னொன்றும் காண்க. டோபியும் முதியவன்தான். அவன் தலையும் நரைத்துத்தான் இருக்கிறது. பெண்களைப் பிடித்து வருவதும் பிணங்களை மறைப்பதும் அவன் கை வேலைதான். ஆயினும் அவன் நரையைக் காட்டிப் படம் நம்மை அச்சுறுத்தவில்லை. அவன் கன்னத்தின் சுருக்கத்துக்கு அருகே கேமரா போகவே இல்லை. சீமாட்டியின் முகம் சுருங்கும்போது மட்டும் இசை அலறுகிறது. கொலை செய்தபோது எழாத அலறல், கிழவியானபோது எழுகிறது! பெண்ணுக்கு முதுமையே பெருங்குற்றம் என்று சொல்லாமல் சொல்லுகிறது இந்தப் படம்.

குறை கூறவே பேனா எடுத்தோமோ என்று வாசகத் தோழர்கள் கருத வேண்டா. படத்தின் நிறைகளை மறைப்பது நேர்மையாகாது. இங்கிரிட் பிட் ஒரே உடலில் இருவராக நடமாடுகிறார். முதியவளாக வரும்போது ஆணவமும், இளையவளாக வரும்போது அச்சமும் அவர் நடையிலே தெரிகின்றன. இளமை கிடைத்தவளே அதிகம் அஞ்சுகிறாள் என்பது நுட்பமான நடிப்பு. போலந்திலே பிறந்து, சிறுமியாக இருந்தபோதே நாசிகளின் ஸ்டட்ஹாஃப் சிறைமுகாமில் வாடியவர் அவர். தம் இளமையை அதிகார வெறிக்கு இரையாக்கிப் பிழைத்து வந்தவர், பிறர் இளமையை இரையாகக் கொள்ளும் சீமாட்டியாக நடித்தார்! இயக்குநரும் அங்கேரியிலே பிறந்தவர். கோட்டையின் இருளும், சந்தையின் இரைச்சலும், உழவர் முகத்திலே உறைந்த வெறுப்பும் வெறும் அட்டைக் காட்சியாகப் படவில்லை.

இந்தப் படத்தை நாம் பார்த்த இடத்தையும் சொல்லிவிடுகிறோம். 1960இல் தமிழகத்தோடு இணைந்த திருத்தணிப் பகுதியிலே, ஆந்திர எல்லையை ஒட்டி, அம்மையார்குப்பம் என்றோர் ஊர் உண்டு. தறியால் வாழும் ஊர். அங்கே நெசவாளத் தோழர் சிலரோடு அமர்ந்து பார்த்தோம். பேய்க்கு அவர்கள் அஞ்சவில்லை. கண்ணாடிக் காட்சியில் சிலர் சிரிக்கவும் செய்தார்கள். படம் முடிந்தபின் எழுந்த பேச்சு அழகைப் பற்றியதன்று, கூலியைப் பற்றியது. கோட்டைக்குள் வேலைக்கு வந்த பெண்கள்தாமே வரிசையாக மறைந்தார்கள்? தேடி வர அவர்களுக்கு நாதி இல்லை என்பதுதானே சீமாட்டிக்குத் துணிவு? நூலும் பாவும் அறிந்த அந்தத் தோழர்கள், படத்தின் இழை எங்கே அறுந்தது என்று ஒரு நொடியிலே கண்டுகொண்டார்கள்.

வரலாறு அவர்கள் பக்கம் நிற்கிறது. படத்துக்கு மூலமான பெண்மணி கற்பனைப் பாத்திரமல்லர். பாத்தோரி எலிசபெத் 1560இல் பிறந்தவர். நாதாஸ்தி என்ற பெருங்குடிப் படைத்தலைவனை மணந்தவர். 1604இல் கணவனை இழந்தவர். 1610ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில், தூர்சோ என்ற உயர் அதிகாரி அவர் மாளிகைக்குள் நுழைந்து அவரைக் காவலில் வைத்தான். சாட்சிகள் நூற்றுக்கணக்கானோர். அவர்கள் சொன்னவை எவை? பணிப்பெண்களை அடித்தது, ஊசியால் குத்தியது, பட்டினி போட்டது, குளிரிலே நிறுத்தியது. குருதியிலே குளித்த செய்தி அந்தச் சாட்சியங்களில் இல்லை. அது முதன்முதலில் அச்சேறியது 1729இல். அவர் இறந்து நூறாண்டு கடந்தபின், பாதிரியார் ஒருவர் எழுதிய நூலில்! சாட்சியங்களிலே பல செவிவழிச் செய்திகள் என்றும், அவர் சொத்தின்மீது கண் வைத்தோர் சூழ்ச்சியும் கலந்திருக்கலாம் என்றும் வாதிடும் ஆய்வாளரும் உளர். அது தனி வழக்கு. நமக்கு வேண்டிய செய்தி இதுதான்: ஏழைப் பெண்களை அடித்தும் பட்டினியிட்டும் கொன்றதாகச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு, நூறாண்டு கடந்தபின் அழகுக்காகக் குளித்த கதையாக மாறிற்று.

ஏன் மாறிற்று? அடிமைப்பட்ட வேலைக்காரியை ஆண்டை அடித்தான் என்றால் கேட்பவன் தன் வீட்டையும் திரும்பிப் பார்க்க வேண்டி வரும். அழகுப் பைத்தியம் பிடித்த ஒருத்தி குருதியில் குளித்தாள் என்றால், ‘அடி பாவி’ என்று சொல்லிவிட்டு அமைதியாகத் தூங்கலாம். ஆதிக்கத்தின் குற்றம், பெண்ணின் ஆசைக் குற்றமாகி விடுகிறது. கோட்டை தப்பிவிடுகிறது, கண்ணாடி மாட்டிக்கொள்கிறது!

தண்டனையிலும் பாடம் உண்டு. படத்திலே சீமாட்டியும் டோபியும் செவிலியும் ஒருங்கே தூக்குக்குக் காத்திருக்கிறார்கள். வரலாற்றிலோ 1611ஆம் ஆண்டு சனவரியில், ஏவல் செய்த பணியாளர் மூவர் கொடிய முறையில் கொல்லப்பட்டனர். சீமாட்டிக்கு வழக்கு மன்றமே இல்லை. தம் கோட்டையிலேயே அடைபட்டிருந்து 1614இல் இறந்தார். ஏவியவர்க்கு அறை, ஏவலுக்கு நெருப்பு! இந்த ஓரிடத்தில் படம் வரலாற்றைவிட நேர்மையானது என்று தயங்காமல் பாராட்டுகிறோம். மணமேடையிலே முதுமை வந்து மூட, மகளைக் குத்த ஓங்கிய கத்தி மணமகனை வீழ்த்தும் முடிவும் வலிமை வாய்ந்தது. தான் விரும்பிய இளமையைத் தன் கையாலேயே கொன்றுவிடுகிறாள் அவள்.

‘இஃதெல்லாம் மேல்நாட்டுக் கொடுமை, நம் புண்ணிய பூமியிலே இப்படி உண்டோ’ என்று கேட்கும் பெரியவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். யயாதி கதையை யார் எழுதினார்கள்? எந்தக் கோயில் மண்டபத்திலே அது பாராயணம் ஆகவில்லை? 1938இல் பி. யு. சின்னப்பா நடிக்கத் தமிழிலேயே படமாகவும் வந்ததே!

யயாதி மன்னன். மனைவி தேவயானி, சுக்கிராச்சாரியின் மகள். அவளுக்குப் பணிப்பெண்ணாக்கப்பட்டவள் சர்மிட்டை. பணிப்பெண்ணோடு மன்னன் மறைவிலே வாழ்ந்தான்; மக்களும் பிறந்தனர். செய்தி வெளியானது, மாமனார் சபித்தார், மன்னன் கிழவனானான். எவரேனும் இளமை தந்தால் முதுமையை மாற்றிக்கொள்ளலாம் என்று சலுகை. மக்கள் ஐவரையும் கூப்பிட்டுக் கேட்டான் தகப்பன். நால்வர் மறுத்தனர், மறுத்தவர்க்குச் சாபம். இசைந்தவன் பூரு ஒருவனே. அவன் யார்? பணிப்பெண் சர்மிட்டையின் கடைசி மகன்! தேவயானியின் மக்கள் ‘முடியாது’ என்றனர். வேலைக்காரி வயிற்றிலே பிறந்த கடைக்குட்டி தன் இளமையைக் கழற்றிக் கொடுத்தான். ஆயிரம் ஆண்டு அனுபவித்தபின், ஆசை நிறைவதில்லை என்ற தத்துவத்தோடு தகப்பன் அதைத் திருப்பிக் கொடுத்தானாம். அந்தத் தத்துவம் முதல் நாளே தோன்றியிருந்தால் பையன் பிழைத்திருப்பானே!

அங்கேரிச் சீமாட்டி அரக்கி. அத்தினாபுரத்து மூதாதை இராசரிஷி! ஒருத்தி எடுத்தது கொலை. ஒருவன் எடுத்தது மகனின் தியாகம். பெண் பறித்தால் பேய்ப்படம். ஆண் பறித்தால் புராணம்! கொடுக்க மறுத்த மகனுக்குச் சாபமும் கொடுத்த மகனுக்கு முடியும் வைத்திருப்பதால், அது கேட்டுப் பெற்ற கொடையா, மிரட்டிப் பெற்ற வரியா என்று தோழர்களே முடிவு செய்யட்டும். பூருவுக்கு மனைவி இருந்தால் அவள் நிலை என்ன என்று கேட்க நம் புராணிகருக்கு நெஞ்சில் ஈரமில்லை. கன்னட நாடகாசிரியர் கிரீசு கர்னாடு 1961இல் வெளியிட்ட தம் ‘யயாதி’ நாடகத்திலே சித்திரலேகை என்ற மருமகளைப் படைத்து அக்கேள்வியைக் கேட்டார். ஓரிரவிலே கிழவனாகிப் போன கணவனைக் கண்ட அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கதை சொன்னோர் வாயிலே வராத அழுகுரல் அது.

இளமையைப் பறித்த ஆணுக்குப் புகழ் என்றால், இளமையோடு இருந்த பெண்ணுக்கு நம் மரபு காட்டிய வழி யாது? திருத்தணி வட்டத்திலேயே உள்ள திருவாலங்காட்டுக்குச் செல்வோம். காரைக்கால் அம்மையாரோடு இணைத்துப் பேசப்படும் சுடுகாட்டுத் தலம். சேக்கிழார் பாடிய வரலாறு இது: புனிதவதி என்ற வணிகக் குலப்பெண். மாங்கனி அற்புதம் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், சொல்லாமல் ஓடிப்போய், பாண்டி நாட்டிலே வேறொருத்தியை மணந்து குழந்தையும் பெற்றான். கைவிடப்பட்டவள் என்ன செய்தாள்? கணவனுக்காகத் தாங்கிய இந்த அழகும் தசையும் இனி எதற்கு என்று உதறிப் பேயுரு வேண்டிப் பெற்றாள். ஓடியவன் இளமையோடு இன்னொரு குடும்பம் நடத்தினான். இருந்தவள் இளமையைக் கழற்றி எறிய நேர்ந்தது. 1973இல் ஏ. பி. நாகராசன் இயக்கத்தில் இக்கதை படமாயிற்று. புனிதவதியாக இலட்சுமியும், அம்மையாராகக் கே. பி. சுந்தராம்பாளும் நடித்தனர். கொட்டகையிலே கைகூப்பிய கூட்டத்தில், அந்தப் பெண்ணின் இளமை யாருடைய உடைமையாக இருந்தது என்று கேட்டவர் எத்தனை பேர்?

அற்புதத்தை நாம் ஏற்கவில்லை. ஆயினும் அம்மையாரின் தமிழை ஏற்றுப் போற்றுகிறோம். வற்றிய உடலையும், எழுந்த நரம்பையும், குழிந்த கண்ணையும் நாணாமல் பாட்டிலே வைத்த முதல் பெண்பாற் புலவர்களுள் அவர் ஒருவர். அங்கேரிச் சீமாட்டி கண்ணாடியைக் கண்டு அலறினாள். ஆலங்காட்டு அம்மையார் தம் முதுமை உருவை நேருக்கு நேர் பார்த்து, ‘இது நான்’ என்னும் துணிவோடு பாடினார். அச்சுறுத்துவதற்காகப் பேயைக் காட்டும் படங்களுக்கிடையே, அஞ்சாமைக்காகப் பேயான ஒரு குரல்! பக்தித் திரையை விலக்கிப் பார்ப்போர்க்கு அதன் அருமை புரியும்.

‘பழங்கதைகளைக் கிளறுவானேன்? விஞ்ஞான உலகில் இவை ஏது?’ என்பார் சிலர். சற்றுப் பொறுங்கள். 1938இல் முதுமையை வெல்லப் பண்டித மதன்மோகன் மாளவியா காயகற்பச் சிகிச்சை செய்துகொண்டார், 1946இல் மறைந்தார். அதனால் எவர் குருதியும் சிந்தவில்லை. அதனை எள்ள வேண்டுவதில்லை. ஆனால் பின்னர் நடந்தது வேறு. 2005இல் அமெரிக்க அறிஞர்கள் கிழ எலியையும் இள எலியையும் தைத்துக் குருதியோட்டத்தை இணைத்து, கிழ எலியின் தசை புத்துயிர் பெறக் கண்டு வெளியிட்டனர். ஆராய்ச்சி ஆராய்ச்சியாக இருந்தவரை நன்று. வணிகர் விடுவரா? இளைஞரின் பிளாஸ்மா என்னும் குருதிநீரை முதியவர்க்கு ஏற்றும் கடைகள் திறந்தன. நன்மை மெய்ப்பிக்கப்படவில்லை, தீங்கு நேரலாம் என்று 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமே எச்சரிக்க நேர்ந்தது. 2023இலோ, பிரையன் சான்சன் என்ற பெருஞ்செல்வர் தம் 17 வயது மகனின் குருதிநீரைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார்! பின்னர், பயன் ஏதும் தெரியவில்லை என்று அவரே நிறுத்திவிட்டார். யயாதிக்கு ஆயிரம் ஆண்டு பிடித்த ஞானம் இவருக்குச் சில திங்களில் வந்துவிட்டது. விஞ்ஞானத்தின் விரைவு அது!

செல்வர் வீட்டு மகன் நலமாக எழுந்து போவான். கடனில் மூழ்கிய வீட்டு மகன்? 1994இலேயே உறுப்பு வணிகத்தைத் தடுக்கும் சட்டம் வந்துவிட்டது. ஆயினும் 2025இல், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடன் சுமையால் சிறுநீரகம் விற்ற செய்தி நாட்டையே உலுக்கிற்று. ஒருவர் வாழ்நாளை நீட்டும் உறுப்பு, இன்னொருவர் விலாவிலிருந்து விலைக்கு வருகிறது. அதுவும் தறிக்காரன் விலாவிலிருந்து! அம்மையார்குப்பத்துத் தோழர்கள் கோட்டையைக் கண்டு கூலியைப் பேசியதில் வியப்பென்ன? நாற்பதிலே கண் மங்கி, ஐம்பதிலே முதுகு வளைந்து, பஞ்சுத் தூசியால் இருமும் நெசவாளியின் இளமை எங்கே போயிற்று? குருதித் தொட்டியில் இல்லை. துணியாகி, வட்டியாகி, யார் யார் பெட்டியிலோ மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அவனை நோக்கித்தான் இளமை நிலையாமை பற்றி உபந்நியாசம் செய்கிறார்கள்!

ஆகவே, இத்தகைய படங்களைப் பார்க்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள், நடிப்பைச் சுவையுங்கள், நடுங்க வேண்டிய இடத்திலே நடுங்கவும் செய்யுங்கள். ஆனால் நடுங்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்துகொள்ளுங்கள். கிழவியின் முகத்தைக் கண்டு நடுங்க வேண்டா. அது நம் தாயின் முகம், நாளை நம் முகம். பிறன் உடலைத் தன் உடைமையாகக் கருதும் கையைக் கண்டு நடுங்குங்கள். அந்தக் கை சீமாட்டியின் கையாயினும், தகப்பனின் கையாயினும், கடன் கொடுத்தவன் கையாயினும், அதைப் பற்றி நிறுத்தும் துணிவு பெறுங்கள்.

மூப்பு இயற்கை, அதற்கு மருந்து தேடுவது அறிவு, பிறர் இளமையை மருந்தாக்குவது கொடுமை. இதனை மறைக்கும் கதை எதுவாயினும், எந்த ஏட்டில் இருப்பினும், எந்தத் திரையில் ஒளிரினும், மறுத்துரைப்பது நம் கடன்.